தம் நினைவை நம்பாதவர்கள்

1522ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஸ்பெயின் நாட்டின் மொன்செராத் மலைமடத்துக்கு ஒரு போர்வீரர் வந்து சேர்ந்தார். முந்தைய ஆண்டு பம்பலோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியிருந்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில் மனம் மாறி, இனி வேறு வாழ்க்கை என்று முடிவு செய்திருந்தார். அதற்கு முன்னால் பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும். செய்த பாவங்களையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு, மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்தார்.

அதோடு மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பக்கத்திலிருந்த மன்ரேசாவில் தங்கியபோது சந்தேகம் பிடித்துக்கொண்டது. எதையாவது சொல்லாமல் விட்டுவிட்டோமா? சொன்னதை முழுதாகச் சொன்னோமா? திரும்பப் போய்ச் சொன்னார், சந்தேகம் போகவில்லை. நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதிவிடும்படி ஒரு குருவானவர் யோசனை சொன்னார். எழுதிய பிறகும் அதே தவிப்பு. மிகத் தெளிவாகத் தெரிவதைத் தவிரப் பழைய பாவம் எதையும் இனிச் சொல்லக் கூடாது என்று பாவசங்கீர்த்தனம் கேட்டவர் கட்டளையிட்டார். அவருக்கோ எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தன. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்கூட வந்தது. ஒரு வாரம் அன்னம் தண்ணீர் இல்லாமல் கிடந்து பார்த்தார். கடைசியில் பழைய பாவங்களை இனி எவரிடமும் சொல்வதே இல்லை என்று ஒரு நாள் தீர்மானித்தார். அதன் பிறகுதான் விடுதலை கிடைத்தது.

அந்தப் போர்வீரர்தான் பின்னால் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். சென்னை லயோலா கல்லூரியின் பெயர் அவர் பிறந்த லொயோலாவிலிருந்து வந்தது. மன்ரேசா நாட்களைப் பற்றி அவரே முதிய வயதில் சொல்லி எழுதவைத்திருக்கிறார். ஐந்நூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்தவருக்கு இன்றைய நோய்ப்பெயர் ஒன்றைச் சூட்டுவது நியாயமல்ல. ஆனால் ஓசிடி என்று இன்று எல்லோரும் சொல்லும் எண்ணச் சுழற்சி நோயோடு வாழ்பவர் எவரும் அந்தப் பக்கங்களைப் படித்தால் தன் கதையை அங்கே அடையாளம் கண்டுகொள்வார். அதிலும் முக்கியமான ஒன்று உண்டு. இஞ்ஞாசியார் எதையும் மறக்கவில்லை. எழுதியே வைத்திருந்தார். இருந்தும் அவர் நினைவு அவருக்கே போதவில்லை.

வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டியிருக்கும். நோயின் உருவம் இதுதான். கை கழுவுவது எல்லோருக்கும் தெரியும். அதே அளவுக்குப் பரவலானது சரிபார்ப்பது: கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா, வண்டியில் வரும்போது யார் மீதாவது இடித்துவிட்டு வந்துவிட்டோமா. இவர்களை வீட்டார் மறதிக்காரர் என்று நினைக்கிறார்கள். நோயாளியே டாக்டரிடம் போய், எனக்கு ஞாபக சக்தி போய்விட்டது என்றுதான் சொல்கிறார். உண்மையில் போனது என்ன என்று கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு வெகு காலம் பிடித்தது.

முதலில் இது தேவாலயத்தின் விவகாரமாகவே இருந்தது. மனச்சாட்சி அளவுக்கு மீறி உறுத்துபவர்களைப் பற்றிக் குருமார்கள் நிறைய எழுதிவைத்தார்கள். இங்கிலாந்தில் ஜெரமி டெய்லர் 1660இல் வெளியிட்ட பெரிய நூலில் இத்தகையவர்களுக்கு ஒரு பகுதியை ஒதுக்கினார். அதே காலத்தவரான போதகர் ஜான் பன்யன், எல்ஸ்டோ ஊர்க் கோவிலில் மணியடிப்பதை விட்டுவிட்ட பிறகும் அடிப்பவர்களைப் பார்க்கப் போனதையும், மணி தலையில் விழுமோ என்று உத்தரத்துக்கு அடியில் ஒதுங்கியதையும், சுவரில் மோதித் திரும்பி வந்து தாக்குமோ என்று வாசலுக்கு நகர்ந்ததையும், கோபுரமே சாய்ந்தால் என்ன செய்வது என்று அங்கிருந்தும் ஓடியதையும் 1666இல் வெளிவந்த தன்வரலாற்றில் வெட்கப்படாமல் பதிவு செய்திருக்கிறார்.

மருத்துவர்கள் வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில், பாரிஸில். எஸ்கிரோல் என்ற மனநல மருத்துவர் 1838இல் வெளியிட்ட நூலில், ‘எஃப்’ என்ற முதலெழுத்தால் மட்டும் குறிப்பிட்டு, 34 வயதுப் பெண் ஒருத்தியின் கதையைச் சொல்கிறார். பதினெட்டு வயதில் அத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போது அவளுக்கு ஒரு பயம் வந்தது: அத்தையின் பொருள் ஏதாவது தன் பையில் வந்துவிடுமோ என்று. பிறகு வியாபாரத்தில் இறங்கினாள். பில்லில் ஓர் எண்ணைத் தவறாக எழுதி வாடிக்கையாளரை ஏமாற்றிவிட்டோமோ என்று பயம். அதற்குப் பிறகு காசைத் தொட்டால் விலையுள்ள ஏதோ விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று பயம். கையை உதறுவாள், தேய்ப்பாள், கழுவுவாள். இதெல்லாம் அபத்தம் என்று அவளுக்கே தெரியும். அதை அவளே சொல்லவும் செய்தாள். நிறுத்தத்தான் முடியவில்லை. அறிவு தெளிவாக இருக்கும்போதே ஒருவரை இப்படி ஆட்டிப்படைக்கும் நோயை எந்தப் பெட்டியில் போடுவது என்று எஸ்கிரோல் திணறியது அந்தப் பக்கங்களிலேயே தெரிகிறது.

அவருக்கு அடுத்து வந்த பிரெஞ்சு மருத்துவர்கள் வழியாகச் சந்தேக நோய், சந்தேகப் பைத்தியம் என்ற பெயர்கள் புழக்கத்துக்கு வந்தன. லெக்ரான் து சோல் 1875இல் அந்தத் தலைப்பிலேயே ஒரு நூல் எழுதினார். பெயர் கொஞ்சம் கடுமையானது. ஆனாலும் நோயின் நாடியை இதைவிடச் சரியாகப் பிடித்த பெயர் அதற்குப் பிறகு வரவில்லை என்றே சொல்லலாம். பியேர் ஜானே 1903இல் வெளியிட்ட நூல் இன்னும் ஆழமாகப் போனது. தன் நோயாளிகளுக்கு ஒரு செயலைச் செய்து முடித்த பிறகும் அது முடிந்ததாகத் தோன்றுவதில்லை என்று அவர் கவனித்தார். கதவு பூட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. பூட்டிவிட்டோம் என்ற நிறைவு மட்டும் வரவில்லை. மன ஆற்றல் தாழ்ந்துபோவதால் இப்படி ஆகிறது என்று அவர் கொடுத்த விளக்கத்தை இன்று யாரும் ஏற்பதில்லை. கவனித்தது மட்டும் அப்படியே நிற்கிறது.

ஃபிராய்டும் இதே இடத்துக்கு வந்து நின்றார். 1909இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் வரும் இளம் வழக்கறிஞர், தான் நேசிக்கும் பெண்ணின் வண்டி வரும் பாதையில் ஒரு கல்லைப் பார்க்கிறார். வண்டி அதில் ஏறிக் கவிழுமோ என்று எடுத்து ஓரமாகப் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் இது முட்டாள்தனம் என்று தோன்றுகிறது. திரும்பிப் போய்க் கல்லைப் பழைய இடத்திலேயே வைக்கிறார். அன்பும் வெறுப்பும் ஒரே நெஞ்சில் மோதுவதால் வந்த வினை என்றார் ஃபிராய்டு. அதைவிடக் கூர்மையான ஒன்றையும் போகிற போக்கில் சொன்னார். தந்தை யார், ஆயுள் எவ்வளவு, மரணத்துக்குப் பின் என்ன என்று உறுதியான விடை கிடைக்காத கேள்விகளை நோக்கியே இவர்களின் மனம் போகிறது. அந்த வரிசையில் நினைவாற்றலும் உண்டு. மற்றவர்கள் எந்த உத்தரவாதமும் இல்லாமலே தங்கள் நினைவை நம்பிக் காலம் தள்ளுகிறார்கள். இந்த நோயாளிகளால் அது முடிவதில்லை.

மனத்தை விட்டு மூளைப் பக்கம் பார்வை திரும்பக் காரணமாக இருந்த ஒன்று, ஒரு கொள்ளைநோய். முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் மூளையைத் தாக்கும் ஒரு விசித்திரமான காய்ச்சல் பரவியது. வியன்னாவில் ஃபான் எகனாமோ என்ற மருத்துவர் 1917இல் அதை விவரித்தார். நோயாளிகள் நாள்கணக்கில் தூங்கிக் கிடந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு, ஆண்டுகள் கழித்துக் கண்விழிகள் மேலே செருகி நிலைகுத்தி நிற்கும் வலிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிலருக்கு ஒரே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. சிலர் எண்களை எண்ணித் தீர்க்க வேண்டியிருந்தது. குழந்தைப் பருவக் காயத்தையோ அடக்கிய வெறுப்பையோ இதற்குக் காரணமாகக் காட்ட முடியாது. கிருமியோ காய்ச்சலோ மூளையின் அடிப்பகுதியில், அசைவுகளையும் பழக்கங்களையும் ஆளும் நரம்பு முடிச்சுகளைக் கெடுத்திருந்தது. அந்தத் தடயத்தை அடுத்த அரை நூற்றாண்டுக்கு மருத்துவ உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாவது தடயம் தற்செயலாகக் கிடைத்தது. 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஒரு பொருளைத் தேடிய ஆய்வாளர்கள் செரோடோனினைப் பிரித்தெடுத்தார்கள். அதே நகரில் பெட்டி ட்வாராக் என்ற இளம் பெண் ஆய்வாளர் அது மூளையிலும் இருப்பதைக் காட்டினார். அவர் கட்டுரை 1953இல் வந்தது. ஐம்பதுகளில் சுவிட்சர்லாந்தில் மனச்சோர்வுக்கு இமிப்ரமின் என்ற மருந்து வந்தது. கெய்கி நிறுவனத்து வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறில் ஒரே ஒரு குளோரின் அணுவைச் சேர்த்தபோது குளோமிப்ரமின் பிறந்தது. அதுவும் மனச்சோர்வுக்கான மருந்துதான். மாட்ரிட்டில் லோபஸ் இபோர் என்ற மனநல மருத்துவர் அதை எண்ணச் சுழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1967 வாக்கில் நல்ல பலன் என்று அறிவித்தார்.

அந்த ஒற்றை அணு செய்த வேலை பெரியது. குளோமிப்ரமின், நரம்பு முனைகள் செரோடோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைப் பலமாகத் தடுக்கிறது. அதன் ஒன்றுவிட்ட சகோதரனான டெசிப்ரமின் நோர்அட்ரினலின் என்ற வேறொரு வேதிப்பொருளையே முக்கியமாகப் பிடிக்கிறது. மனச்சோர்வு இரண்டிலும் குறைகிறது. எண்ணச் சுழற்சி மட்டும் முதலாவதற்குத்தான் மசிகிறது. 1991இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 21 மையங்களில் 520 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். குளோமிப்ரமின் எடுத்தவர்களின் நோய் மதிப்பெண் இரண்டு பிரிவுகளில் முறையே 38, 44 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கோ வெறும் 3, 5 சதவீதம். மனச்சோர்வு ஆய்வுகளில் வெற்று மாத்திரைக்கே பாதிப் பலன் கிடைப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியம். எண்பதுகள் வரை இது மிக அபூர்வமான நோய் என்றுதான் பாடநூல்கள் எழுதின. அப்போது அமெரிக்காவில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தபோது நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இருந்தது தெரியவந்தது. அவர்களில் பலர் வெளியில் சொல்லாமல் மறைத்து வாழ்ந்திருக்கிறார்கள்.

செரோடோனின் குறைந்தால் ஓசிடி என்று மக்கள் பேச ஆரம்பித்தது அப்போதுதான். இந்த வாக்கியம் இன்றும் செய்தித்தாள்களில் உலவுகிறது. உப்புக் குறைந்த குழம்பில் உப்புப் போடுவது போல அவ்வளவு எளிதான விஷயமாக இருந்திருந்தால் மருந்து சில மணி நேரத்திலேயே வேலை செய்திருக்க வேண்டும். செரோடோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் வேலையை மாத்திரை அந்த நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. நோயோ எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் கழித்துத்தான் தளர்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவும் தேவைப்படுகிறது. அப்படியும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் போதிய பலன். நோயாளிகளின் மூளையில் செரோடோனின் பற்றாக்குறை இருப்பதாக உறுதியான ஆதாரமும் கிடைக்கவில்லை. மருந்து ஒரு கதவைத் திறக்கிறது. அந்தக் கதவு பூட்டிக்கொண்டதற்கான காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

எங்கே என்பதைப் படம் பிடிக்கும் கருவிகள் காட்டின. கலிஃபோர்னியாவில் லூயிஸ் பாக்ஸ்டரின் குழு 1987இல், மூளை எந்தெந்தப் பகுதியில் எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று அளந்து பார்த்தது. கண்குழிகளுக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதியும், அதோடு இணைந்த அடிமூளை முடிச்சான காடேட்டும் நோயாளிகளிடம் மிகையாக வேலை செய்தன. வியன்னாக் காய்ச்சல் சுட்டிய அதே வட்டாரம். 1992இல் அதே குழு இன்னொன்றைச் சொன்னது: மாத்திரையில் குணமானவர்களிடம் காடேட்டின் கொதிப்பு தணிந்தது போலவே, மாத்திரை இல்லாமல் நடத்தைச் சிகிச்சையால் குணமானவர்களிடமும் தணிந்தது. வேதிப்பொருள் வேறு, பழக்கம் வேறு என்று பிரித்துப் பேச முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று அந்நாளில் இல்லை.

அந்த நடத்தைச் சிகிச்சை லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் தொடங்கியது. விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். பயப்படும் பொருளைத் தொட வைத்தார். பிறகு கழுவ விடவில்லை. செவிலியர்கள் கூடவே இருந்தார்கள். அறையின் தண்ணீர்க் குழாயைக்கூட மூடிவைத்தார்கள். கேட்பதற்குக் கொடுமையாகத் தெரியலாம். இன்று அது நோயாளியின் சம்மதத்தோடு, படிப்படியாக, அவரே முடிவெடுக்கும் விதத்தில் நடக்கிறது. இந்த நோய்க்கு இதுவரை கண்ட சிகிச்சைகளில் மிக வலுவான ஒன்று இது.

இனி நினைவாற்றலுக்கு வருவோம்.

எண்பதுகளில் அமெரிக்க உளவியலாளர் கென்னத் ஷேரும் உடன் பணியாற்றியவர்களும் சரிபார்ப்பவர்களின் நினைவைச் சோதித்தார்கள். தாம் செய்த செயல்களை நினைவுகூர்வதில் அவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். மறதிதான் காரணம் என்ற எண்ணத்துக்கு ஆய்வுக்கூட முத்திரை கிடைத்தது. கோடும் கட்டமும் வட்டமும் நிறைந்த ஒரு சிக்கலான படத்தைப் பார்த்து வரைந்து, பிறகு நினைவிலிருந்து வரையச் சொல்லும் பழைய சோதனையிலும் ஓசிடி உள்ளவர்கள் தடுமாறினார்கள். நுணுக்கிப் பார்த்தபோது குழப்பம் வேறிடத்தில் இருந்தது. முதலில் பெரிய உருவத்தை வரைந்து அதற்குள் நுணுக்கங்களை நிரப்பாமல், அவர்கள் துண்டு துண்டாக வரைந்துகொண்டு போனார்கள். நினைவுக்குள் நுழையும்போதே படம் ஒழுங்கில்லாமல்தான் நுழைந்தது. ஒழுங்குபடுத்துவது முன்மூளையின் வேலை. பாக்ஸ்டரின் படங்களும் கொதிப்பு முன்மூளையில் இருப்பதாகத்தான் காட்டின. 1993இல் ரிச்சர்ட் மக்நாலியின் ஆய்வு, ஒரு செயலை உண்மையில் செய்தோமா, செய்ததாகக் கற்பனை செய்தோமா என்று பிரித்தறிவதில் நோயாளிகள் மற்றவர்களைவிட மோசமில்லை என்று காட்டியது. விடை சரியாக இருந்தது. விடைமேல் அவர்களுக்கு நம்பிக்கை மட்டும் குறைவு.

தீர்ப்பு வந்தது நெதர்லாந்திலிருந்து. 2003இல் உளவியலாளர்கள் மார்செல் ஃபான் டென் ஹவுட்டும் மெரல் கிண்ட்டும் நோய் எதுவும் இல்லாத மாணவர்களைக் கணினித் திரையின் முன் உட்காரவைத்தார்கள். திரையில் ஒரு கேஸ் அடுப்பு. எரிகலன்களை மூட்டி, அணைத்து, அணைந்ததா என்று சரிபார்க்க வேண்டும். ஒரு பிரிவினர் அடுப்பையே இருபது முறை சரிபார்த்தார்கள். இன்னொரு பிரிவினர் அதே இருபது முறை மின்விளக்குகளைச் சரிபார்த்தார்கள். இறுதியில் எல்லோரும் ஒருமுறை அடுப்பைச் சரிபார்த்தார்கள். கடைசியாக எந்தெந்த எரிகலன்களைப் பார்த்தீர்கள் என்று கேட்டபோது இரண்டு பிரிவினரும் ஒரே அளவுக்குச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நினைவு மங்கலாக, விவரமில்லாமல், நம்பமுடியாததாகத் தெரிந்தது. நோயில்லாதவர்களுக்கு, ஒரே அமர்வில், இப்படி ஆனது.

கணினி அடுப்பு நிஜ அடுப்பாகுமா என்ற கேள்வியை மான்ட்ரியலில் ஆடம் ரடோம்ஸ்கி எடுத்துக்கொண்டார். நிஜமான அடுப்பு வைத்து 2006இல் செய்தபோதும் அதே முடிவு. அவரும் மெரடித் கோல்ஸும் சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வில், இரண்டாவது முறைக்கும் பத்தாவது முறைக்கும் இடையிலேயே நினைவின் மேலுள்ள நம்பிக்கை சரியத் தொடங்கியது தெரிந்தது. இதற்குக் காரணம் எளிமையானது. ஒரு செயல் பழகப் பழக, அதன் நிறமும் ஒலியும் கைக்குக் கிடைக்கும் தொடுகையும் கவனத்திலிருந்து நழுவுகின்றன; அணைத்தாயிற்று என்ற பொருள் மட்டும் எஞ்சுகிறது. கண்ணில் படமாக வராத நினைவை மனம் சந்தேகிக்கிறது. சந்தேகம் மறுபடியும் சரிபார்க்கச் சொல்கிறது. சரிபார்த்தால் படம் இன்னும் மங்குகிறது. ஒரு பொருளை நிலைகுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணில் படுவதின் மீதேகூட ஐயம் வரும் என்றும் ஃபான் டென் ஹவுட் பிறகு காட்டினார்.

அதுவரை காரணம் என்று எண்ணப்பட்டது விளைவாகத் திரும்பி நின்ற இடம் இது. சந்தேகத்தைத் தீர்க்கச் செய்யும் செயலே சந்தேகத்தை வளர்க்கிறது. மன்ரேசாவில் எழுதி வைத்தும் தீராத தவிப்பும், பழையதைப் பேசாமல் விட்ட பிறகு கிடைத்த விடுதலையும் இந்த வெளிச்சத்தில் புரிகின்றன.

மூளை வேதியியலும் இதே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. நினைவுகள் பதிவாகும் ஹிப்போகாம்பஸை நோயின் மையமாக இன்று யாரும் பேசுவதில்லை. தவறு நேர்ந்ததா என்று கண்காணிக்கும் பகுதிதான் கவனத்துக்கு வந்திருக்கிறது. 2000இல் வில்லியம் கேரிங்கின் குழு, சின்னப் பிழை செய்த மறுகணம் மூளையில் எழும் மின் அலை இந்த நோயாளிகளிடம் பெரிதாக எழுவதைப் பதிவு செய்தது. 2007இல் குவோபிங் ஃபெங்கின் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு மரபணு நீக்கப்பட்ட எலிகள், முகத்தில் புண் வரும் அளவுக்குத் தம்மைத் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டே இருந்தன. அந்த மரபணு வேலை செய்யும் இடம் அடிமூளை முடிச்சுகளில், குளுட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளைப் பெறும் நரம்பிணைப்புகள். 2023இல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று மிக வலிமையான காந்தக் கருவியால் அளந்தபோது, பிழையைக் கண்காணிக்கும் முன்மூளைப் பகுதியில் நோயாளிகளுக்குக் குளுட்டமேட் கூடுதலாகவும் அதை அடக்கும் காபா குறைவாகவும் இருந்தன. செரோடோனின் இந்தக் கதையிலிருந்து வெளியேறிவிடவில்லை. தூண்டுவதும் அடக்குவதுமாக ஓடும் இந்தச் சுற்றைத் தணிக்கும் பல கைகளில் அதுவும் ஒன்று.

இந்த வரலாற்றைச் சுமந்து திரிய வேண்டியவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்ல. வீட்டில், சிலிண்டரை மூடினேனா என்று பத்தாவது முறை கேட்கும் மகளிடம், நான் பார்த்தேன்மா, மூடியிருக்கு என்று அம்மா பொறுமையாகச் சொல்கிறாள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அந்தப் பதிலும் ஒரு சரிபார்ப்பாகவே வேலை செய்கிறது. கிடைத்த அமைதி கொஞ்ச நேரத்தில் வடிந்து அடுத்த கேள்வி வருகிறது. பூட்டைப் படமெடுத்து போனில் வைத்துக்கொள்வதும் அதே வகை. இதற்காக மகளைத் திட்டுவதும் மறதிக்காரி என்று பரிகாசம் செய்வதும் அநியாயம்: அவள் நினைவு நன்றாக இருக்கிறது, அதன் மேல் அவளுக்கு மீதமிருக்கும் கொஞ்ச நம்பிக்கையை அந்தப் பரிகாசம் பறித்துவிடும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இந்த நோய்க்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது எப்படி என்று வீட்டாருக்குக் கற்றுத்தருவது உலகெங்கும் இந்தச் சிகிச்சையின் பகுதியாகிவிட்டது.

ரடோம்ஸ்கியும் அவர் மாணவி ஜில்லியன் அல்கொலாடோவும் 2016இல் இன்னும் நேரடியான ஒன்றை முயன்றார்கள். சரிபார்க்கும் நோயாளிகளிடம் பூட்டையோ அடுப்பையோ பற்றிப் பேசாமல், தம் நினைவு கெட்டுவிட்டது என்ற அவர்களின் நம்பிக்கையை எடுத்துக்கொண்டு அதையே சோதித்துப் பார்க்கச் செய்தார்கள். மிகக் குறுகிய சிகிச்சைதான் அது. அதற்குள்ளாகவே சரிபார்க்கத் தூண்டும் தவிப்பு குறைந்திருந்தது.